மணி கோத்த ஊர்



இந்த மலருக்குச் சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு பற்றி எழுத நிறையப் பேர் இருக்கீங்க. எனக்குக் கொடுத்த வேலை நம்ம ஊர் வரலாறு. புதுச்சேரி வரலாறுன்னா கடற்கரை, கவர்னர் மாளிகை, தூப்ளே சிலைன்னுதான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க. நான் நம்ம வீட்டுச் சாமி மாடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அதுக்குக் காரணம் எங்க குழுவுக்கு வந்த ஒரு ஆர்டர்.

சில வருஷத்துக்கு முன்னாடி 500 செபமாலை கோத்துத் தரச் சொல்லிக் கேட்டாங்க. வில்லியனூர் மாதா திருவிழாவுல கடை போடுறவர் ஒருத்தர். மணி, நூல், சிலுவை எல்லாம் அவரே கொடுத்துடுவார், கோக்குறது மட்டும் நம்ம வேலை. ஒரு செபமாலைக்குச் சின்ன மணி 53, பெரிய மணி 6, மொத்தம் 59. அப்படின்னா 500 மாலைக்கு 29,500 மணி. எங்க குழுவில் 12 பேர். எட்டு பேர் இந்து, மூணு பேர் கிறிஸ்தவர், ஒருத்தர் முஸ்லிம். கூலி கைக்கு வந்தா ரெண்டு பேரோட கடன் பாக்கி அடைஞ்சிடும்.

தீர்மான நோட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே பிரச்சினை வந்தது. ஒரு தங்கச்சியோட மாமியார், "சாமி இருக்கிற வீட்டுல அந்த மாலையைக் கோக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டாங்க. எங்க கிறிஸ்தவ அக்கா ஒருத்தர் வேற மாதிரி வருத்தப்பட்டாங்க. "செபம் சொல்லத் தெரியாத கை கோத்தா அது செபமாலையா?"ன்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் சண்டைக்குப் பேசலை, மனசுல பட்டதைத்தான் சொன்னாங்க. அன்னைக்கு முடிவெடுக்காமலே கலைஞ்சோம். அதுக்கப்புறம் நான் படிச்சதும் கேட்டதும்தான் இந்தக் கட்டுரை.

மூணு வீட்டு மாடம்

நம்ம கூட்டம் ஒரு தடவை ஒருத்தர் வீட்டுல நடக்கும். அதனால குழுவில் இருக்கிற பெண்ணுக்குப் பன்னிரண்டு வீட்டுச் சாமியும் தெரியும். நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

எங்க வீட்டுல மரப் பலகை. அதுல மயிலம் முருகன், மாரியம்மன், குலதெய்வத்துக்கு ஒரு பித்தளைச் சொம்பு. பக்கத்துல அரவிந்தர் ஆசிரமத்து அன்னையின் சின்னப் படமும் இருக்கு. எங்க மாமனார் வெச்சது. இந்த ஊர்ல பல வீடுகள்ல முருகனுக்குப் பக்கத்துல அன்னை இருப்பாங்க, யாரும் அதை வித்தியாசமா நினைக்கிறதில்லை.

கிறிஸ்தவ அக்கா வீட்டுல திரு இருதய ஆண்டவர் படம், அதுக்குக் கீழே அணையாத சின்னச் சிவப்பு பல்பு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வேளாங்கண்ணி மாதா சுரூபம். படத்துக்குப் பின்னாடி குருத்தோலை செருகியிருக்கும். குருத்து ஞாயிறு அன்னைக்குக் கோயில்ல மந்திரிச்சுக் கொடுத்தது. ஒரு வருஷம் அப்படியே காயும். அடுத்த வருஷம் தவக்காலம் வர்றப்ப பழைய ஓலையை எல்லாம் வாங்கி எரிச்சு, அந்தச் சாம்பலைத்தான் விபூதிப் புதன் அன்னைக்கு நெற்றியில் பூசுவாங்க. விபூதிங்கிற பேரைக் கேட்டதும் எங்க மாமியார் சிரிச்சுட்டாங்க. "உங்களுக்கும் விபூதியா!"

முஸ்லிம் தங்கச்சி வீட்டுல மாடம்னு ஒண்ணு கிடையாது, உருவமும் கிடையாது. அலமாரியின் மேல் தட்டில் துணி சுத்தின குர்ஆன், அதை விரிச்சு வைக்க மரத்துல ரெஹால், மடிச்சு வெச்ச முஸல்லா, ஆணியில் தொங்குற தஸ்பீஹ் மணி. சுவர்ல கஃபா படம் ஒண்ணு. அது வணங்கறதுக்கு இல்லை, நினைப்புக்குன்னு தங்கச்சி தெளிவா சொல்லிடும். அந்த வீட்டுல புனிதமான இடம் ஒரு பொருள் இல்லை, ஒரு திசை. தொழுகைக்கு எந்தப் பக்கம் நிக்கணும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மூணுக்கும் நம்பிக்கை வேற வேற. எல்லாம் ஒண்ணுதான்னு மழுப்பிச் சொல்ல நான் வரலை. ஆனா நடத்துற விதத்துல ஒரு பழக்கம் பொதுவா இருக்கு. மூணுமே தலைக்கு மேலே, கால் படாத உயரத்துல இருக்கும். குளிச்ச கை, கழுவின கைதான் தொடும். சாம்பிராணி மூணு பேருக்கும் வேணும். நம்ம வீட்டுல வெள்ளிக்கிழமை போடுறோம், சர்ச்சுல தூபம் காட்டுறாங்க, தர்காவுல புகையுது, கடைத்தெருவுல பக்கீர் தட்டுல எடுத்துட்டு வர்றாரு. இதுல பாதிச் சாம்பிராணி மரம் நம்ம நாட்டுல வளர்றதுகூட இல்லை, சுமத்ரா தீவுப் பக்கத்திலிருந்து கப்பல்ல வந்த சரக்கு. மணி மாலையும் மூணு பேருக்கும் பொது. உருத்திராட்சமோ துளசியோ 108, செபமாலை 53 மணி மந்திரம், தஸ்பீஹ் 33 அல்லது 99. கணக்கு வேற, விரல் நகர்த்துற விதம் ஒண்ணு.

அரிக்கமேட்டு மணி

மணின்னு சொன்னதும் நம்ம ஊருக்கு இருக்கிற பெருமை ஞாபகம் வரணும். அரியாங்குப்பம் ஆத்தங்கரையில், காக்காயன்தோப்புப் பக்கத்துல அரிக்கமேடு இருக்கு. ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முன்னாடி ரோமாபுரி வரைக்கும் வாணிபம் நடந்த துறைமுகம். பிரெஞ்சு நாட்டுப் பேராசிரியர் ழூவோ துப்ரேய் இங்கே கிடைச்ச மணிகளையும் கற்களையும் பார்த்துத்தான் இதுக்குள்ள ஏதோ பெரிசா இருக்குன்னு கவனிச்சார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் முறைப்படி அகழாய்வு செய்தார். ரோமாபுரிச் சாடிகளின் உடைசல், பளபளன்னு மெருகு போட்ட மண்பாத்திரங்கள் எல்லாம் கிடைச்சது.

அதோட கணக்கில்லாத மணிகள். முடிஞ்ச மணி மட்டும் இல்லை. துளை போடாத கல், பாதியில் உடைஞ்ச மணி, கண்ணாடிக் கழிவு எல்லாம் கிடைச்சதால இது வந்து இறங்கின சரக்கு இல்லை, இங்கேயே செய்ததுன்னு உறுதியாச்சு. சூதுபவளம், பளிங்கு, செவ்வந்திக் கல்லுல மணி அறுத்துத் துளை போட்டாங்க. கண்ணாடியை உருக்கி, நடுவுல காத்துத் துளையோட நீளமான குழாயா இழுத்து, துண்டு துண்டா வெட்டி, திரும்பச் சூடு காட்டி முனையை மழுங்க வெச்சாங்க. கடுகு, மிளகு அளவுல இருக்கிற இந்த மாதிரிக் கண்ணாடி மணி கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியாவையும் தாண்டிக் கிடைச்சிருக்கு. அரிக்கமேடு இதைச் செய்த பழைய இடங்கள்ல ஒண்ணு. பாரதி பூங்காவுக்குப் பக்கத்து அருங்காட்சியகத்துல இந்த மணிகளை வெச்சிருக்காங்க. குழுவா ஒரு நாள் போய்ப் பாருங்க.

அந்த மணியைச் செய்தவங்க அது எந்த நாட்டுப் பெண் கழுத்துக்குப் போகும், எந்தச் சாமி கும்பிடுறவங்க கைக்குப் போகும்னு கேட்டிருக்க முடியாது. துளை நேரா இருக்கணும், அவ்வளவுதான் அவங்க கவலை.

நயினியப்பப் பிள்ளை கொடுத்த செபமாலை

பிரெஞ்சுக்காரங்க காலத்துல, அடுத்த மதத்துக்காரங்களுக்கு மாலை கொடுத்ததே ஒரு மனுஷர் மேல புகாரா ஆன கதையும் நம்ம ஊர்ல நடந்திருக்கு.

1708-ல் நயினியப்பப் பிள்ளை பிரெஞ்சுக் கும்பெனிக்குத் தலைமைத் தரகர் ஆனார். இந்து. பெரிய பணக்காரர். நாட்குறிப்பு எழுதின ஆனந்தரங்கப் பிள்ளைக்கு இவர் மாமன் முறை. இவர் தன் வீட்டுல ஏழைக் கிறிஸ்தவங்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, செபமாலையும் கொடுத்தார். சேசு சபைப் பாதிரிமார்களுக்கு இது பிடிக்கலை. சிலுவைக்குக் கீழே வராத ஒருத்தர் கிறிஸ்தவங்களுக்குச் செபமாலை கொடுக்கலாமான்னு புகார் எழுப்பினாங்க.

எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். ஏழைக்கு மாலை யார் கையிலிருந்து வருதோ, அவங்க பக்கம்தான் அந்த ஏழையோட நன்றி போகும். பாதிரிமார்களுக்குப் பயம் மணியைப் பார்த்து இல்லை, கொடுத்த கையைப் பார்த்துத்தான்.

1716-ல் நயினியப்பரைக் கைது பண்ணினாங்க. வழக்குல எழுதின குற்றம் வேற. கொடுமை செய்தார், 1715-ல் ஊர்மக்கள் வேலையை விட்டுட்டு ஊரை விட்டுக் கிளம்பினதுக்குத் தூண்டுதலா இருந்தார்னு சொன்னாங்க. ஆனா அந்தக் குற்றச்சாட்டுக்குப் பின்னாடி பாதிரிமார்களோட பழைய கோபமும் இருந்தது. கடைத்தெருவுல எல்லாரும் பார்க்க 50 கசையடி, சொத்துப் பறிமுதல், சிறை. 1717-ல் சிறையிலேயே இறந்துட்டார்.

அவருடைய மூத்த மகன் குருவப்பர் கப்பலேறி பிரான்சுக்கே போய் நியாயம் கேட்டார். அப்பா மேல இருந்த பழி நீங்கினது. குருவப்பர் பாரீசுல ஞானஸ்நானம் வாங்கினார். அவருக்கு ஞானத்தகப்பனா நின்னவர், சின்னப் பிள்ளையா இருந்த அரசனுக்குப் பதிலா நாட்டை ஆண்ட ஓர்லியான் கோமகன். செவாலியே பட்டத்தோட ஊர் திரும்பி, அப்பா இருந்த அதே தலைமைத் தரகர் பதவியில் உட்கார்ந்தார். அப்பா செபமாலை கொடுத்ததுக்குப் புகார், மகன் செபமாலை போட்டதுக்கு மரியாதை. ரெண்டும் பத்து வருஷத்துக்குள்ள, ஒரே குடும்பத்துல.

இடிஞ்ச கோயிலும் இடியாத மாடமும்

1748-ல் இங்கிலீஷ்காரங்க ஊரை முற்றுகை போட்டிருந்த நேரம். சம்பா கோயிலுக்குப் பக்கத்துல இருந்த வேதபுரீசுவரர் கோயிலைத் தூப்ளே காலத்து அதிகாரிகள் இடிச்சாங்க. ஆனந்தரங்கப் பிள்ளை அந்த நாளை மனசு நொந்து எழுதி வெச்சிருக்கார். எடுக்க முடிஞ்ச விக்கிரகங்களைக் காளத்தீசுவரர் கோயிலுக்குக் கொண்டு போனாங்க. அடுத்து பள்ளிவாசலிலும் கை வெச்சாங்க. சிப்பாய்களின் தலைவரான அப்துல் ரகுமான் தூப்ளேகிட்ட நேராப் போய் எதிர்த்துப் பேசினதும் அந்த வேலை நின்னது.

இடிச்சவங்க நெடுநாள் நிலைக்கலை. 1761 ஜனவரியில் இங்கிலீஷ்காரங்க புதுச்சேரியைப் பிடிச்சாங்க. கோட்டை, மாளிகை, சர்ச்சு எல்லாத்தையும் தரைமட்டம் ஆக்கினாங்க. இப்ப மிஷன் வீதியில் நாம பார்க்கிற சம்பா கோயில் அதுக்கப்புறம் திரும்பக் கட்டி 1791-ல் அபிஷேகம் ஆனது. வேதபுரீசுவரரும் பிற்பாடு இப்ப இருக்கிற ஈஸ்வரன் கோயில் தெருவுல குடியேறினார். பக்கத்துப் பக்கத்துல இருந்த ரெண்டு பெரிய கோயிலும் பதின்மூணு வருஷத்துக்குள்ள ஒண்ணு பின்னாடி ஒண்ணா மண்ணாப் போனது.

அப்ப வீட்டுக்குள்ள என்ன மிஞ்சியிருக்கும்னு எனக்கு 2011 டிசம்பர் 30-ம் தேதிதான் புரிஞ்சது. தானே புயல் அன்னைக்கு எங்க வீட்டு ஓடு பறந்தது. பிள்ளைகளை இழுத்துட்டு ஓடுறப்ப என் கையில் இருந்தது ரேஷன் கார்டு, குழு பாஸ்புக்கு, எங்க ஆயா கொடுத்த பித்தளை விளக்கு. முகாம்ல பக்கத்துல உட்கார்ந்திருந்த அம்மா மடியில் மாதா சுரூபத்தைத் துண்டுல சுத்தி வெச்சிருந்தாங்க. கோயிலை யார் வேணா கட்டலாம், இடிக்கலாம். மாடத்துல இருக்கிறதைத் தூக்கிட்டு ஓடுறது பொம்பளைங்க வேலை. திரும்ப ஓடு போட்டதும் முதல்ல ஆணி அடிக்கிறதும் அவங்கதான்.

மாடத்துக்குப் படம் வந்த கதை

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். நம்ம மாடம் எப்பவும் இப்படிப் படங்களா இருந்தது இல்லை. எங்க ஆயா காலத்துக்கு முன்னாடி ஏழை வீட்டுல சாமின்னா விளக்கு, கலசம், வேப்பிலை, மஞ்சள்ல பிடிச்ச பிள்ளையார். பூசை முடிஞ்சா பிள்ளையாரைத் தண்ணியில கரைச்சுடுவாங்க. பட்டறைக்காரரும் வேண்டாம், பணமும் வேண்டாம், பொம்பளை கை போதும்.

1894-ல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் ஆரம்பிச்சு, லட்சுமி, சரஸ்வதி படங்களை வண்ணத்துல அச்சடிச்சார். அதுக்கப்புறம் கோவில்பட்டி கொண்டையராஜு மாதிரி ஓவியர்கள் வரைஞ்ச படங்கள் சிவகாசி அச்சகங்கள்ல காலண்டரா வந்தது. முருகன், வேளாங்கண்ணி மாதா, மக்கா மதினா எல்லாம் ஒரே ஊர் மிஷின்ல அச்சாகி வந்து நம்ம சுவர்ல தனித்தனியா ஏறிடுச்சு. கோயிலுக்குள்ள நுழைய விடாத ஜனங்களுக்கும் சாமி படம் கடையில காசு கொடுத்தா கிடைச்சது. அதனால இது சின்ன மாற்றம் இல்லை.

கிறிஸ்தவங்க பக்கமும் இப்படித்தான். வில்லியனூர் லூர்து மாதா சுரூபம் 1877-ல் பிரான்சிலிருந்து கப்பல்ல வந்தது. அந்தக் கோயிலுக்கு முன்னாடி படிக்கட்டோட குளம் இருக்கு. நம்ம ஊர்க் கோயில் குளம் மாதிரியே. அந்தத் தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சு வீட்டு மாடத்துல வைக்கிறவங்க எல்லா மதத்திலும் இருக்காங்க.

செய்யுற கையும் கலந்துதான் இருக்கு. வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. வில்லியனூர் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. இந்தப் பக்கத்து மண்ணுலேயும் கூழுலேயும் செய்றவங்க நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல், கிறிஸ்துமசுக்குக் குடில் பொம்மைன்னு சீசன் பார்த்துத்தான் வேலை செய்றாங்க.

29,500 மணி

அடுத்த கூட்டத்துல இதையெல்லாம் எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். நயினியப்பர் கதையைக் கேட்டு எல்லாரும் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் முஸ்லிம் தங்கச்சிதான் முதல்ல வாய் திறந்தது. "எங்க உம்மா சொல்லுவாங்க, விரல்ல எண்ணினாலும் போதும், மணி ஞாபகத்துக்குத்தான்னு. நான் நல்லாக் கோப்பேன், எனக்கு நூறு மாலை கொடுங்க."

கிறிஸ்தவ அக்கா யோசிச்சாங்க. "நாங்க கடையில வாங்கின மாலையை அப்படியே செபத்துக்கு எடுக்க மாட்டோம். சாமியார்கிட்ட கொண்டு போய் மந்திரிச்ச பிறகுதான். அதுவரைக்கும் அது மணிதான்." கேட்ட கேள்விக்கு அவங்களே பதில் சொல்லிட்டாங்க. நம்ம பக்கமும் அதே முறைதான். குயவர் செய்த சிலைக்குக் கண் திறந்த பிறகுதான் அது சாமி. அதுவரைக்கும் மண். செய்யுறது ஒரு வேலை, புனிதமாக்குறது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு நேர்மையான கை போதும்.

மாமியாரம்மா அவ்வளவு சுலபமா இறங்கலை. ரெண்டு நாள் கழிச்சு ஒரு நிபந்தனையோட வந்தாங்க: "கோக்கலாம். ஆனா தரையில போட்டுக் கால் படக் கூடாது. நூலை எச்சில் தொட்டு முறுக்கக் கூடாது." அந்த அம்மா தன் சாமிக்குக் காட்டுற மரியாதையை அடுத்தவங்க சாமிக்கும் அப்படியே கேட்டாங்க. எங்க குழுவில் அன்னையிலிருந்து அது சட்டம். நுனி நூலுக்கு எச்சிலுக்குப் பதிலா மெழுகு தடவினோம். முறத்துல, தட்டுல வெச்சுத்தான் கோத்தோம். முடிச்ச மாலையை எலி கடிக்காம, குழந்தை இழுக்காம எங்கே வைக்கிறதுன்னு தேடினப்ப, தன் பூசை அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி பண்ணிக் கொடுத்ததும் அந்த அம்மாதான். மேலே மாரியம்மன், கீழே 500 செபமாலை, வெளியே போற வரைக்கும் இருந்தது.

ஒரு உறுப்பினர் மட்டும் கடைசி வரை கோக்க வரலை. அவங்க வீட்டு நிலைமை அப்படி. வற்புறுத்தலை, குறையும் சொல்லலை. கணக்கு எழுதுற வேலையை அவங்களே எடுத்துக்கிட்டாங்க, கூலியில் பங்கும் கொடுத்தோம். சொன்ன தேதிக்கு மாலை போச்சு. ரெண்டு பேரோட கடன் பாக்கி அடைஞ்சது. அந்தப் பக்கத்துத் தீர்மான நோட்டுல எல்லாரோட கையெழுத்தும் இருக்கு, மாமியாரம்மாவோட கைநாட்டும் ஒரு ஓரத்துல இருக்கு. அவங்க உறுப்பினர் இல்லைன்னாலும் நாங்க கேட்டு வாங்கினோம்.

நம்ம கூட்டமைப்புல எத்தனையோ குழுக்கள் சாமி பொருள் செய்றீங்க. ஊதுபத்தி, அகல் விளக்கு, மெழுகுவத்தி, பூமாலை, கொலு பொம்மை. உங்க குழுவுக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும். அப்ப நயினியப்பப் பிள்ளையை நினைச்சுக்கோங்க. நம்ம ஊர்ல ஒரு காலத்துல அடுத்தவங்களுக்கு மாலை கொடுத்த கையைச் சந்தேகப்பட்டாங்க. இப்ப நாம பன்னிரண்டு பேர் ஒரு வீட்டுல உட்கார்ந்து அந்த மாலையைக் கோக்குறோம். மணி இந்த ஊருக்குப் புதுசு இல்லை. அதை யார் கோத்தாலும் மரியாதையாக் கோக்கணும்ங்கிறதை மட்டும் நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்க.

அடுத்த கூட்டம் எங்க வீட்டுல. மறக்காம வாங்க.